பின்னால் ஏதோ இருக்கிறது

குளிர்காலம் முழுக்க ஒரே புகார்.
ரிவர்ஸ் போட்டால் போதும்,
பின்னால் ஏதோ இருக்கிறது, ஏதோ இருக்கிறது என்று
எங்கள் ஸ்கோடா கத்தத் தொடங்கிவிடும்.
இறங்கிப் பார்த்தால்
வில்யாந்தியின் வெறும் தெரு.

சென்சார்தான், என்றான் ஊர்மாஸ்.
பட்டறைக்காரன் கேட்ட கூலியைச் சொல்லிச் சொல்லி
இரண்டு நாள் சிரித்தான்.
ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை
பழைய கம்பளியைத் தரையில் விரித்து
பம்பரைத் தானே கழற்றப்போவதாக அறிவித்தான்.

நான் சமையலறை ஜன்னலில் நின்று
கழுவிய கோப்பையைத் திரும்பக் கழுவினேன்.

முதலில் பின்விளக்குகள்.
தூங்குகிற பிள்ளையைத் தூக்குவதுபோல் எடுத்து
சோபா மெத்தைமேல் கிடத்தினான்.
அவை இருந்த குழிகளில்
போன வருடத்து பிர்ச் இலைகள்.
சக்கர வளைவுக்குள் பக்கத்துக்கு மூன்று திருகு,
சாலை உப்பு தின்றவை.
ஒன்று சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, வரவில்லை.
அதன் பிறப்பைப் பற்றி அவன் சொன்னதைக் கேட்டு
எதிர்வீட்டு லெம்பித் கையசைத்தார்.
ஒவ்வொரு திருகும் முட்டை அட்டையில் ஒரு குழிக்குள்,
பக்கத்தில் பென்சிலால்:
இடது மேல். இடது கீழ். அடி நடு.

நானும் எண்ணிக்கொண்டிருந்தேன்.
பதினொன்று. பன்னிரண்டு.
அடியில் பிளாஸ்டிக் கிளிப்புகள் ஐந்து;
ஒன்று உடைந்த சத்தம் கண்ணாடி தாண்டி வந்தது.

பிறகு கூப்பிட்டான்.
இதற்கு இரண்டு பேர் வேண்டும், அனேலி.
அந்த ஓரத்தைப் பிடி.
முதலில் வெளிப்பக்கம் இழு, அப்புறம் பின்னால்.
பயப்படாதே,
உடைகிற மாதிரிதான் கேட்கும், உடையாது.

பிடித்தேன். இழுத்தேன்.
படபடவென்று விட்டுக்கொடுத்தது.
அவ்வளவு பெரிய பொருள், கையில் எடையே இல்லை.
வெளியே ஒரு கீறல் கிடையாது.
ஒட்டியிருந்த மஞ்சள் கோட்டை
ஒரு பெட்ரோல் நிலையத்தின் பின்புறம் நின்று
கைக்குட்டையால் தேய்த்துத் தேய்த்து எடுத்திருந்தேன்.
பள்ளம் தானாகவே எழும்பிவிட்டது.
பிளாஸ்டிக் அப்படி:
வாங்கிக்கொள்ளும், பழைய முகத்தைத் திரும்ப மாட்டிக்கொள்ளும்.

உள்ளே இருந்த வெள்ளை நுரைக்கு அந்த வித்தை தெரியாது.
வலது ஓரத்தில் கம்பத்தின் அச்சு அப்படியே,
எழுந்துபோனவரின் தலையணைக் குழி மாதிரி.
சென்சாரின் தாங்கி வளைந்து
தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முன்னால் வைத்திருந்தவன் வேலை, என்றான்.
இடித்துவிட்டு, மறைத்து, நம் தலையில் கட்டியிருக்கிறான், கழுதை.
அந்தக் கழுதையை ஆசை தீரத் திட்டினான்.

தலையாட்டியிருக்கலாம்.
தப்புக்கு ஆள் தயாராக இருந்தான்,
முகம் தெரியாதவன், லாட்வியாவில் எங்கோ.

நான்தான், என்றேன்.
நவம்பரில். தார்த்துவில். மஞ்சள் கம்பம்.

தார்த்துவில் உனக்கு என்ன வேலை?

ஆஸ்பத்திரி.
மார்பில் ஊசி விட்டுக் கொஞ்சம் சதை எடுத்தார்கள்.
ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.
அதைச் சொல்ல ஒன்பது நாள் ஆனது.
இடித்தது முதல் நாள்.

முட்டை அட்டையைக் கையில் எடுத்து
திருகுகளை எண்ணினான்.
திரும்பவும் எண்ணினான்.
ஒன்பது நாள், என்றான், அட்டையைப் பார்த்தே.
நான் இங்கேதானே இருந்தேன்.

ஆமாம், என்றேன்.
விறகு அடுக்கிக்கொண்டிருந்தாய்.

தாங்கியை நிமிர்த்தினான். சென்சாரை மாற்றினான்.
நுரையை மாற்றவில்லை.
புதிது அறுபது யூரோ, என்றான்.

நான்கு மணிக்கு எல்லாம் மாட்டியாயிற்று,
உடைந்த கிளிப்பின் ஓட்டை தவிர.
பின்னால் போய் நில், என்றான்,
சோதித்துப் பார்க்க வேண்டும்.

நின்றேன்.
வெள்ளை விளக்கு எரிந்தது.
ஊர்ந்து வந்தது, முதலில் சத்தமே இல்லாமல்,
பிறகு ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு,
பிறகு விடாமல்.
என் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினான்.
அணைக்கவில்லை.
உள்ளே அது கத்திக்கொண்டே இருந்தது.
நான் நகரவில்லை.
அவனும்.